சிஎஸ்50: 33 வயதில் மென்பொருள் வேலைக்கு மாறியவளின் விமர்சனம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பத்து வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைச் சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்பவளாக இருந்தேன். இப்போது பதினான்கு மாதமாக மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் நான் படித்தது, ஹார்வர்டு பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் சிஎஸ்50 என்ற பாடம். பழைய கம்பெனியிலிருந்து வாரத்துக்கு ஒருத்தராவது போன் செய்து "அக்கா, அது நெசமாவே நல்லாருக்குங்களா, படிச்சா வேலை கெடைக்குங்களா" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லும்போது பாதி விஷயம் விட்டுப்போகிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் அருமை. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இன்றுவரை இவ்வளவு கவனமாகத் தயாரித்த ஒரு பாடத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அது வேலை வாங்கித் தராது, அப்படி வாங்கித் தருவதாக அவர்களும் எங்கேயும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் ஏமாற்றம் இருக்காது.

நான் இதற்கு வந்து சேர்ந்த கதையில் ஒரு பகுதியைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களில் பல பேர் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். வேலை மாறலாம் என்று முடிவெடுத்ததும் நான் செய்த முதல் காரியம் ஒரு பயிற்சி நிலையத்தில் 15,000 ரூபாய் முன்பணம் கட்டியது. மொத்தக் கட்டணம் 65,000. ஆறு மாதத்தில் ஃபுல் ஸ்டாக் (வெப்சைட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் செய்வது), நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்று சொன்னார்கள். வகுப்பில் ஆசிரியர் திரையில் இருப்பதை வாசிப்பார், நாங்கள் அதைப் பார்த்து டைப் செய்வோம். ஒரு லாகின் பக்கத்தை மூன்று நாள் டைப் செய்தோம். இந்த வரி எதற்கு சார் என்று கேட்டால் "இன்டர்வியூல அதைக் கேக்க மாட்டாங்க" என்று பதில் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான்காவது வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்கு வயசு கூடிடுச்சு, ஃபிரெஷர்னு போட்டா எடுக்க மாட்டாங்க, மூணு வருஷம் ஐடி எக்ஸ்பீரியன்ஸ் இருக்கற மாதிரி லெட்டர் ரெடி பண்ணித் தர்றோம், அதுக்குத் தனியா ஒரு தொகை ஆகும் என்றார்கள். அன்றைக்கே நின்றுவிட்டேன். முன்பணம் திரும்பி வரவே இல்லை. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது பின்னணியைச் சரிபார்க்கிறார்கள், பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை வைத்தே நீங்கள் எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தீர்கள் என்பது தெரிந்துவிடும், அப்புறம் கையில் வந்த வேலையும் போய் பெயரும் கெட்டுவிடும். பொய் சொல்லி உள்ளே போய்விட்டாலும் தினம் தினம் பயந்துகொண்டே உட்கார வேண்டும், அது ஒரு வாழ்க்கையா?

பணம் போன வருத்தத்தில் இருந்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பையன், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறவன், "அக்கா, இனி எங்கியும் காசு கட்டாதீங்க, மொதல்ல இதைப் பத்து நாள் பாருங்க" என்று தன் லேப்டாப்பில் சிஎஸ்50 முதல் வீடியோவைப் போட்டுக் காட்டினான். 2024 ஜனவரியில் தொடங்கினேன். தினமும் விடிகாலை நாலரை முதல் ஆறரை வரை, ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு மணி நேரம். முடிக்கப் பத்தரை மாதம் ஆனது. அவர்கள் கணக்கில் பதினொரு வாரப் பாடம், பூஜ்ஜியத்தில் எண்ணத் தொடங்கிப் பத்து வரை. வேலைக்குப் போய்க்கொண்டு குழந்தையையும் பார்த்துக்கொண்டு பதினொரு வாரத்தில் முடிப்பது நடக்காத காரியம், அதை நினைத்து யாரும் மனம் தளர வேண்டாம். என் மாமியார் காலைச் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டதால்தான் எனக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைத்தது, அதை இங்கே எழுதாமல் விட்டால் அது நியாயமாக இருக்காது.

பாடம் நடத்துபவர் டேவிட் மாலன். 2007 முதல் அவர்தான் இதை நடத்துகிறார். அவரைப் பற்றி எனக்குப் பிடித்த தகவல் ஒன்று: அவர் ஹார்வர்டில் மாணவராகச் சேர்ந்தபோது கணினி படிக்க வரவில்லை, அரசியல் துறை படிக்க வந்தவர். 1996-இல் இதே சிஎஸ்50 வகுப்பில் தயங்கித் தயங்கி உட்கார்ந்து, அது பிடித்துப்போய்த் துறையையே மாற்றிக்கொண்டார். அப்போது அந்த வகுப்பை எடுத்தவர் பிரையன் கெர்னிகன், சி என்ற நிரல் மொழிக்கு, அதை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியோடு சேர்ந்து புத்தகம் எழுதியவர். துறை மாறி வந்த ஒருவர் நடத்துவதாலோ என்னவோ, கணினி தெரியாத ஆளின் பயம் அவருக்கு நன்றாகத் தெரிகிறது. மற்றவர்களோடு உன்னை ஒப்பிடாதே, தொடங்கிய நாளில் நீ எங்கே இருந்தாய், இப்போது எங்கே இருக்கிறாய் என்று மட்டும் பார் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்கிறார். எனக்கு அன்றைக்கு அது தேவைப்பட்டது.

முதல் வாரம், அவர்கள் எண்ணுவதில் பூஜ்ஜியமாவது வாரம், ஸ்கிராட்ச். கட்டம் கட்டமாக இழுத்துப் போட்டுச் செய்வது, அமெரிக்காவின் எம்ஐடியில் குழந்தைகளுக்காக உருவாக்கியது. இதைப் போய்ப் படிப்பதா என்று தாண்டிவிடாதீர்கள். நிபந்தனை (இப்படி இருந்தால் இதைச் செய்), சுழற்சி (திரும்பத் திரும்பச் செய்), மாறி (ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) என்றால் என்ன என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது, என் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து பூனையை நடக்க விட்டாள். அடுத்த வாரமே சி மொழி. இங்கேதான் பலர் கழன்றுகொள்கிறார்கள். சி எதற்கு, வேலைக்கு ஜாவா, பைத்தான்தானே கேட்கிறார்கள் என்று நானும் நினைத்தேன். ஐந்து வாரம் சியில் கஷ்டப்பட்டுவிட்டு ஆறாவது வாரம் பைத்தானுக்குப் போகும்போது, போன மாதம் எழுபது வரியில் எழுதியதை இங்கே பதினைந்து வரியில் எழுதுகிறோமே, மிச்ச ஐம்பத்தைந்து வரியின் வேலையை யார் செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நேராகப் பைத்தானில் தொடங்கியவர்களுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

வீடியோக்கள் ஒவ்வொன்றும் சுமார் இரண்டு மணி நேரம், சிலது அதற்கும் மேல். அதைப் பார்ப்பது படிப்பே ஆகாது. படிப்பு என்பது வாரா வாரம் தரும் கணக்குகள்தான், அவர்கள் அதை ப்ராப்ளம் செட் என்கிறார்கள். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், கணக்கைத் திறந்தால் ஒன்றுமே ஓடாது. இந்த இடைவெளி பெரியது, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மாரியோ விளையாட்டில் வரும் படிக்கட்டு மாதிரி ஒரு முக்கோணத்தை அச்சடிக்க வேண்டும், அவ்வளவுதான், அதற்கு எனக்கு நான்கு விடிகாலை போனது. காலி இடம் எத்தனை, கட்டம் எத்தனை என்று பழைய சாம்பிள் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்துப் போட்டுப் பார்த்து, நாலாவது நாள் சரியாக வந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, பத்து வருடத்தில் ஒரு ஷிப்மென்ட் நேரத்துக்குப் போனபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

விடை சரியா என்று பார்க்க செக்50 என்று ஒரு வசதி. கட்டளையைக் கொடுத்தால் நம் நிரலை, அதாவது நாம் எழுதிய புரோகிராமை, அதுவே பல விதமாக ஓட்டிப் பார்த்து, தேறியதற்கெல்லாம் பச்சையில் சிரிப்பு முகம், தேறாததற்குச் சிவப்பில் அழுகை முகம் காட்டும். எங்கள் தொழிலில் பையரின் (ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளரின்) கியூசி, அதாவது தரம் பார்ப்பவர், வந்து செய்கிற ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் மாதிரிதான். பேக்கிங் முடிந்த பெட்டிகளில் அவர் விரல் வைக்கும் பெட்டியைத்தான் திறப்போம், நாம் காட்டும் பெட்டியை அவர் பார்க்க மாட்டார். செக்50-யும் அப்படியே. நாம் கொடுத்துப் பார்க்காத எண்ணைக் கொடுக்கும், எண்ணே இல்லாமல் எழுத்தைக் கொடுக்கும், ஒன்றுமே கொடுக்காமலும் பார்க்கும். என் நிரல் எனக்குச் சரியாக ஓடினால் போதாது, யார் எதைக் கொடுத்தாலும் ஓட வேண்டும் என்ற பழக்கம் அங்கே வந்ததுதான்.

நான்காவது வாரத்தில் ரெகவர் என்று ஒரு கணக்கு வரும். இந்தப் பாடத்தில் எனக்கு மறக்கவே மறக்காதது அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு கேமராவின் மெமரி கார்டில் இருந்த படங்கள் அழிந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டின் நகலை ஒரே கோப்பாக உங்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குள் படங்கள் இன்னும் இருக்கின்றன, எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற குறிப்புதான் இல்லை. நாம் அதை 512 பைட் 512 பைட்டாக (பைட் என்பது கணினி தகவலை அளக்கும் சிறு அலகு) வாசித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு ஜேபெக் படம் எப்போதும் குறிப்பிட்ட மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும், ஹெக்ஸாடெசிமல் என்ற பதினாறு அடிமான எண்ணில் சொன்னால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப். நாலாவது பைட்டின் முதல் பாதி மட்டும் ஒரே மாதிரி இருக்கும். இந்தக் கையெழுத்தைப் பார்த்தால் புதுப் படம் தொடங்குகிறது என்று அர்த்தம், பழைய கோப்பை மூடிவிட்டுப் புதுக் கோப்பைத் திறக்க வேண்டும். சரியாக எழுதினால் 000 முதல் 049 வரை ஐம்பது படங்கள் வரும்.

எனக்கு முதலில் ஒரே ஒரு படம் வந்தது, அதுவும் திறக்கவில்லை. அப்புறம் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது, தொடக் கூடாத நினைவக இடத்தை நிரல் தொட்டுவிட்டது என்று அர்த்தம். எந்த இடத்தில் தப்பு என்று அது சொல்லவே சொல்லாது. எட்டு நாள் அதே வரி. ஒன்பதாவது நாள் காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது தோன்றியது, முதல் படம் கிடைப்பதற்கு முன்னால் வரும் பைட்டுகளை எந்தக் கோப்பில் எழுதச் சொல்லியிருக்கிறேன், அப்போது இன்னும் கோப்பே திறக்கவில்லையே என்று. அடுப்பை அணைத்துவிட்டுப் போய் ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். ஐம்பது படங்களும் வரிசையாக வந்து விழுந்தன. இடது பக்கப் பட்டியலில் 049 வரை இறங்கி வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது கை நடுங்கியது. அழித்த போட்டோ எங்கே போகிறது, எப்படித் திரும்ப எடுக்கிறார்கள் என்று நாம் யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். அதை நானே எழுதி எடுத்தேன். அன்றைக்குத்தான் வேலை மாறுவது என்று உறுதியாக முடிவு செய்தேன், அதுவரை ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்துகொண்டேதான் இருந்தது.

இன்றைக்கு வேலையில் எனக்கு சி மொழி ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு தப்போடு எட்டு நாள் உட்காரப் பழகியது தினமும் தேவைப்படுகிறது.

ஐந்தாவது வாரம் 1,43,091 ஆங்கிலச் சொற்கள் உள்ள ஓர் அகராதியை நினைவகத்தில் ஏற்றி எழுத்துப்பிழை கண்டுபிடிக்கும் நிரல். ஹாஷ் டேபிள் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், எங்கள் ஆக்சஸரீஸ் ஸ்டோரில் லேபிளை ஸ்டைல் நம்பர் பார்த்து ரேக் ரேக்காகப் பிரித்து வைப்போமே, தேடும்போது நேராக அந்த ரேக்குக்குப் போவோமே, அதேதான். ஏழாவது வாரம் எஸ்க்யூஎல், அட்டவணைகளில் இருக்கும் தகவலைத் தேடி எடுக்கும் மொழி. ஃபிஃப்டிவில் என்ற கற்பனை ஊரில் ஜூலை 28 அன்று ஒரு வாத்து திருடுபோகும், ஏடிஎம் பதிவு, போன் பதிவு, விமானப் பதிவு என்று அட்டவணை அட்டவணையாகத் தேடித் திருடனைப் பிடிக்க வேண்டும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன், என் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து யார் திருடன் என்று ஊகித்துக்கொண்டிருந்தார். இன்று என் வேலையில் பாதி எஸ்க்யூஎல்தான். ஆனால் எட்டாவது வாரம் எனக்குப் போதவில்லை. வெப்சைட் செய்யத் தேவையான ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் ஒரே வாரத்தில் ஓட்டிவிடுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டை நான் அப்புறம் ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் தனியாகப் படிக்க வேண்டியிருந்தது, அதுவும் இலவசம்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை ஆங்கிலம். மாலன் தெளிவாகப் பேசுவார், ஆனால் வேகம். தமிழ் வழியில் படித்து வந்த எனக்கு முதல் மூன்று வாரம் முக்கால் வேகத்தில் வைத்து, கீழே எழுத்தையும் ஓடவிட்டுத்தான் பார்க்க முடிந்தது. பேச்சு முழுவதும் எழுத்தாகவும் தளத்தில் கிடைக்கிறது, புரியாத பத்தியை அங்கே வாசித்துக்கொள்ளலாம். இரண்டாவது, உதாரணங்கள் எல்லாம் அமெரிக்கா. மீதிச் சில்லறை தரும் கணக்கு ஒன்று வரும், குவார்ட்டர், டைம், நிக்கல், பென்னி என்று போட்டிருப்பார்கள். எது எத்தனை சென்ட் என்று தேடித் தெரிந்துகொண்டு 25, 10, 5, 1 என்று எழுதி வைத்த பிறகுதான் கணக்கே தொடங்கியது. இன்னொரு கணக்கில் வரும் ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டும் எனக்குத் தெரியாது. இவை பெரிய தடை இல்லை, ஆனால் நமக்குக் கணக்குப் புரியவில்லையா, கணக்கில் வரும் ஊர் புரியவில்லையா என்று குழம்பி நம்மை நாமே மட்டமாக நினைத்துவிடுவோம். எழுதிய வாக்கியம் புரியாவிட்டால் அது உங்கள் மூளையின் குறை அல்ல என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குறைதான் பெரியது. நாலு பேர் சேர்ந்து ஒரே நிரலில் வேலை செய்வது எப்படி என்பது இதில் இல்லை. யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கிட் என்ற கருவி இல்லாமல் எந்தக் கம்பெனியிலும் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது, அதை இதில் முறையாகச் சொல்லித்தருவதில்லை. இன்னொருவர் ஐந்து வருடம் முன்பு எழுதிவிட்டுப் போன பத்தாயிரம் வரியை வாசித்துப் புரிந்துகொள்ளவும் பயிற்சி இல்லை. வேலையில் சேர்ந்த முதல் இரண்டு மாதம் நான் பட்ட பாடெல்லாம் இந்த இரண்டால்தான்.

சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாடத்துக்கென்றே வாத்து என்ற பெயரில் ஓர் உதவிக் கருவி இருக்கிறது, செயற்கை நுண்ணறிவில் இயங்குவது, 2023-இல் கொண்டுவந்தார்கள். அது விடையைச் சொல்லாது, நீ இங்கே என்ன நடக்கும் என்று நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்கும். முதலில் எரிச்சலாக இருக்கும், அப்புறம் அது கேட்கும் கேள்வியை நாமே கேட்டுக்கொள்ளத் தொடங்கிவிடுவோம். சாட்ஜிபிடி போன்ற மற்றக் கருவிகளைக் கேட்டு விடை எழுதக் கூடாது என்பது பாடத்தின் விதி. அந்த விதியை மதியுங்கள். இப்போது வேலையில் நானும் அந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறேன், அது தரும் பத்து வரியில் எந்த வரி தப்பு என்று சொல்லத் தெரிவதால்தான் என்னால் பயன்படுத்த முடிகிறது. அதைச் சொல்லத் தெரியாதவருக்கு அந்தக் கருவி எழுதிக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

கடைசியாக நாமே ஒன்றைச் செய்து, மூன்று நிமிடத்துக்குள் ஒரு வீடியோவில் காட்ட வேண்டும். இதற்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். கால்குலேட்டர், செய்ய வேண்டியவை பட்டியல் என்று எல்லோரும் செய்வதைச் செய்ய மனம் வரவில்லை. எங்கள் பேக்கிங் செக்ஷனில் ராத்திரி பதினோரு மணிக்கு நடக்கும் ஒரு கணக்கை எடுத்துக்கொண்டேன். பையர் ரேஷியோ பேக் கேட்பார். ஸ்மால் 1, மீடியம் 2, லார்ஜ் 2, எக்ஸ்எல் 1, ஆறு பீஸ் ஒரு செட், நான்கு செட் ஒரு பெட்டி, ஆக 24 பீஸ். 1,200 பீஸ் ஆர்டர் என்றால் 200, 400, 400, 200, சரியாக 50 பெட்டி, காகிதத்தில் அழகாக இருக்கும். செக்கிங்கில் மீடியத்தில் 11 பீஸ் ஓட்டை, கறை என்று போய்விட்டால் 389தான் இருக்கும். இப்போது 194 செட்தான் கட்ட முடியும், 48 பெட்டி முழுசாக வரும், மிச்சம் 37 பீஸ், அதில் மீடியம் வெறும் 5, லார்ஜ் 16. இரண்டு செட் அரைப்பெட்டியாகப் போகும், மற்றதைக் கலந்து கட்டலாமா கூடாதா என்று பையரைக் கேட்க வேண்டும். ஒரு கலர் என்றால் சமாளிக்கலாம், ஆறு கலர், ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவில் குறை, விடிந்தால் கன்டெய்னர். எக்செலில் போட்டு ஒரு கட்டம் தப்பாகி, பேக்கிங் லிஸ்டும் பெட்டியும் ஒத்துவராமல் மறுபடி பிரித்துக் கட்டிய ராத்திரிகள் எனக்கு நிறைய உண்டு. அந்தக் கணக்கைப் பைத்தானிலும், பைத்தானில் வெப்சைட் செய்ய உதவும் ஃப்ளாஸ்கிலும் எழுதினேன். செக்கிங் முடிந்த எண்ணிக்கையைக் கொடுத்தால் எத்தனை பெட்டி, எந்தப் பெட்டியில் எது, மிச்சம் என்ன என்று பட்டியல் வரும். பழைய கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் அண்ணன் ஒருவர் அதைப் போனில் திறந்து பார்த்துவிட்டு "இது ஏனுங்க இத்தன வருசமா இல்லாம போச்சு" என்றார்.

வேலை கிடைத்தது இதை வைத்துத்தான். முடித்தவுடன் ஹார்வர்டு பெயர் போட்ட சான்றிதழ் இலவசமாகவே வந்துவிடும், ஒவ்வொரு கணக்கிலும் குறைந்தது 70 சதவீதம் இருந்தால் போதும். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளம் வழியாக அடையாளம் சரிபார்த்துத் தரும் சான்றிதழுக்கு இருநூறு டாலருக்கு மேல் கேட்பார்கள், அதை வாங்காதீர்கள். நான் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தேன், இரண்டு இடத்திலிருந்துதான் கூப்பிட்டார்கள், என் இலவசச் சான்றிதழைப் பற்றி இருவருமே ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓர் இடத்தில் வயதைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். இன்னொன்று திருப்பூரிலேயே, ஏற்றுமதி கம்பெனிகளுக்கு ஈஆர்பி (ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) செய்து தரும் பன்னிரண்டு பேர் கம்பெனி. அதன் முதலாளி என் பேக்கிங் கணக்கைத் திறந்து, மீடியத்தில் மட்டும் குறை வைத்து ஒரு தடவை, இரண்டு அளவில் குறை வைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். ஒரு அளவில் பூஜ்ஜியம் போட்டபோது நின்றுவிட்டது. அவர் பேசாமல் என்னைப் பார்த்தார். நான் ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே அந்த வரியைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

சம்பளம் 38,000-இலிருந்து 22,000 ஆனது. இதை மறைத்து எழுத மாட்டேன். வீட்டில் எட்டு மாதச் செலவுக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் இறங்கினோம், சீட்டுப் பணம் ஒன்று அந்த நேரம் கைக்கு வந்தது. ஒரு வருடம் முடிந்ததும் 30,000 ஆக்கியிருக்கிறார்கள். பழைய சம்பளத்தை எட்ட இன்னும் ஒன்றரை வருடமாவது ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் சம்பளம் மட்டும்தான், கடன் தவணையும் இருக்கிறது என்றால் இருக்கிற வேலையை விடாமலே படியுங்கள், ஆஃபர் லெட்டர் கையில் வரும்வரை ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல ஆசை. பத்து வருடம் வீணாகிவிட்டதே என்று நான் ரொம்ப நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். லேப் டிப் என்றால் என்ன, பிபி சாம்பிள் (தயாரிப்புக்கு முந்தைய மாதிரி) அப்ரூவல் ஒரு வாரம் தள்ளினால் கட்டிங் எப்படித் தள்ளும், டையிங்கில் ஷேடு மாறி வந்தால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் டீமில் கோடிங் நன்றாகத் தெரிந்த பையன்களுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் ஒரு வரியில் ஒன்றைக் கேட்டால் அவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிகிறது. நர்ஸாக இருந்தவர் மருத்துவமனை மென்பொருள் பக்கம் தேடுங்கள், வங்கியில் இருந்தவர் வங்கி மென்பொருள் பக்கம், லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவர் லாஜிஸ்டிக்ஸ் பக்கம். எல்லோரும் நிற்கும் வரிசையில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு போய் நிற்காதீர்கள்.

சிஎஸ்50-க்கு முன்னாலோ பின்னாலோ வேறு என்ன படிக்கலாம் என்பவர்களுக்குச் சுருக்கமாக: ஆங்கிலம் ரொம்பச் சிரமம் என்றால் கணியம் தளத்தில் எளிய தமிழில் மின்னூல்கள் இலவசமாக இருக்கின்றன, லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தையும் பற்றி நான் அங்கே வாசித்துவிட்டுத்தான் போனேன், எல்லாச் சொல்லும் பழகிய மாதிரி இருந்தது. அப்புறம், ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் எட்டு வாரம், டேட்டா ஸ்ட்ரக்சரை (தகவலை அடுக்கி வைக்கும் முறைகளை) நிதானமாக, ஒரு அலட்டலும் இல்லாமல் சொல்லித்தருகிறார். படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் ஆயிரம் ரூபாய் கட்டி மையத்துக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். சிஎஸ்50-இல் எனக்குச் சரியாகப் புரியாமல் போன வரிசைப்படுத்தல், தேடல் விஷயங்கள் அதில்தான் தெளிவானது. கிட் கற்றுக்கொள்ளவும் பெரிய வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கவும் தி ஓடின் ப்ராஜெக்ட் என்ற இலவச இணையப் பாடம். இதில் வீடியோ குறைவு, வாசிக்க வேண்டியது அதிகம், லினக்ஸ் போடச் சொல்வார்கள், ஆனால் முதல் பாடங்களிலேயே கிட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் இதை வேலையில் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன், முன்னாலேயே பார்த்திருந்தால் அந்த முதல் இரண்டு மாதக் கஷ்டம் பாதியாகியிருக்கும்.

லேப்டாப் பற்றி: நான் படித்தது என் கணவரின் பழைய லேப்டாப்பில், 4 ஜிபி ராம். நிரல் எழுதுவது எல்லாமே பிரவுசருக்குள் நடக்கும், உங்கள் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், நெட் மட்டும் நன்றாக இருக்க வேண்டும். போனில் வீடியோ பார்க்கலாம், கணக்குப் போட முடியாது. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் என்ற தளத்தில் ஒரு அக்கவுண்ட் திறக்க வேண்டும், அதுவும் இலவசம். பாடம் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-இல் முடியும். அதற்குள் முடிக்காவிட்டாலும் செய்த கணக்குகள் அடுத்த வருடத்துக்கு வந்துவிடும், ஆனால் அங்கே கணக்குகளைக் கொஞ்சம் மாற்றியிருப்பார்கள். செப்டம்பரில் தொடங்கினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள், முடிந்தால் ஜனவரியில் தொடங்குங்கள். நான்காவது வாரம் வந்து செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நின்றுவிட்டால், முதல் படத்துக்கு முன்னால் வரும் பைட்டுகளை எங்கே எழுதுகிறீர்கள் என்று பாருங்கள்.